வேலுநாச்சியார் கதையில் எது வரலாறு, எது வாய்மொழி?

கேள்வி இது: சிவகங்கை ராணி வேலுநாச்சியார் உண்மையிலேயே வெள்ளைக்காரர்களை வென்றாரா? குயிலி கதை நிஜமா? ஜெயித்த பிறகு என்ன ஆனார் என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மேடைகளில் சொல்லப்படும் சுருக்கம் நமக்குத் தெரியும். கணவரைக் கொன்றவர்களைப் பழிவாங்க, மைசூர் ஹைதர் அலி கொடுத்த படையோடு திரும்பி வந்து சிவகங்கையைப் பிடித்தார். இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 1772-ல் அரசர் இறக்கிறார், 1780-ல்தான் ராணி திரும்புகிறார். நடுவில் உள்ள எட்டு வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் கனமான பகுதி அதுதான். வாள் சுற்றத் தெரிந்தவர்கள் மறவர் சீமையில் நிறைய பேர் இருந்தார்கள். நாடு, அரண்மனை, கணவர் எல்லாம் போன பிறகும் எட்டு வருடம் தன் உரிமையைச் செத்துப்போக விடாமல் வைத்திருந்தவர்கள் அதிகம் இல்லை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். மறவர் சீமை என்பது சேதுபதிகளின் ராமநாதபுரம். 1730 வாக்கில் அங்கே நடந்த வாரிசுச் சண்டையின் முடிவில் சீமை ஐந்து பங்காகப் பார்க்கப்பட்டு, மூன்று பங்கு ராமநாதபுரத்தில் நின்றது. இரண்டு பங்கு நாலுகோட்டைக்காரரான சசிவர்ணத் தேவருக்குப் போனது. அதுதான் சிவகங்கைச் சீமை. அதே 1730-ல் ராமநாதபுரத்தில் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதிக்கும் முத்தாத்தாள் நாச்சியாருக்கும் ஒரே மகளாகப் பிறந்தவர் வேலுநாச்சியார். ஆண் பிள்ளை இல்லாத அரண்மனை. குதிரையேற்றம், வாள், சிலம்பம், வளரி எல்லாம் அந்தப் பெண்ணுக்கே கற்றுக்கொடுக்கப்பட்டது. 1746-ல் சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். பங்கு பிரிந்த இரண்டு வீட்டையும் மறுபடி உறவாக்கிய சம்பந்தம் அது. இவர்களுக்குப் பிறந்த மகள் வெள்ளச்சி.

வளரி என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பிறை மாதிரி வளைந்த எறிகருவி. மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள், அரண்மனைகளில் தந்தத்திலும் உண்டு. ஒரு முனை கனமாகவும் கைப்பிடிப் பக்கம் மெலிந்தும் இருக்கும். சுழற்றி எறிந்தால் ஓடும் மானின் காலையும், குதிரையின் காலையும் முறித்துவிடும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது என்றும், பழகிய கை நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் வந்தார் என்பது வேறு விஷயம்.

இப்போது எதிரி யார் என்ற கேள்வி. இங்கேதான் பலருக்குக் குழப்பம். 1772-ல் சிவகங்கை மேல் படையெடுத்தது காகிதப்படி கிழக்கிந்தியக் கும்பெனி இல்லை, ஆற்காட்டு நவாப் முகமது அலி. தமிழ்நாட்டுப் பாளையங்களும் சீமைகளும் தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்று நவாப் உரிமை கொண்டாடினார். ஆனால் அதை வசூலிக்க அவரிடம் சொந்தமாகச் சரியான படை கிடையாது. கும்பெனிப் படையைக் கூப்பிடுவார், அதற்கான செலவு கடனாக ஏறும், அந்தக் கடனை அடைக்க இன்னொரு சீமையைப் பிடுங்க வேண்டும், அதற்கு மறுபடி கும்பெனிப் படை. சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் பலர் தனிப்பட்ட முறையிலும் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, பெயர் நவாபுடையது, பீரங்கி கும்பெனியுடையது, கடைசியில் பணம் போய்ச் சேர்ந்த இடமும் கும்பெனிக்காரர்களின் பை. வேலுநாச்சியார் சண்டை போட்டது நவாபோடுதான், வெள்ளையரோடு இல்லை என்று சிலர் நுணுக்கமாக வாதாடுவார்கள். அரசரைக் காளையார்கோவிலில் சுட்ட துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

1772 மே மாத இறுதியில் திருச்சியிலிருந்து கிளம்பிய படையோடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா வந்தார். படைத்தலைவர் ஜெனரல் ஜோசப் ஸ்மித். முதல் அடி ராமநாதபுரத்துக்கு. கோட்டை விழுந்தது. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியையும் அவர் தாய் முத்துத்திருவாயி நாச்சியாரையும் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அடுத்து சிவகங்கை. கிழக்கிலிருந்து ஸ்மித், மேற்கிலிருந்து பான்ஜோர் என்ற தளபதி. முத்துவடுகநாதர் காளையார்கோவில் காட்டுக்கோட்டைக்குள் இருந்தார். சமாதானப் பேச்சும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் ஜூன் 25 அன்று இரண்டு படைகளும் காளையார்கோவிலை நெருக்கிவிட்டன. அரசர் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அவரோடு மடிந்ததாகச் சீமையில் சொல்வார்கள். கோயிலும் ஊரும் கொள்ளை போயின. பிடித்த கையோடு சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரை மாற்றினார் நவாப்.

வேலுநாச்சியாருக்கு அப்போது வயது 42. கையில் ஒரு மகள். கூடவே முக்கியமான மூன்று பேர்: பிரதானி (முதல் அமைச்சர்) தாண்டவராய பிள்ளை, பெரிய மருது, சின்ன மருது. மருது சகோதரர்கள் அன்றைக்கு அரசரின் பணியில் வளர்ந்துவந்த வீரர்கள், அவ்வளவுதான். பிற்காலத்தில் நாம் அறிந்த மருதுபாண்டியர்கள் ஆகவில்லை. முக்கியமான ஆள் பிள்ளைதான். சசிவர்ணர் காலத்துக் கணக்கு வழக்கும் அக்கம்பக்கத்து அரசர்களின் போக்கும் அத்துப்படியான கிழவர்.

இந்தத் தப்பி ஓடும் இடத்தில்தான் உடையாள் கதை வருகிறது. ராணி போன திசையைக் கேட்டு நவாபின் ஆட்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த உடையாளை மிரட்டினார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை, வெட்டிப் போட்டார்கள். கொல்லங்குடிக்குப் பக்கத்தில் அரியாக்குறிச்சியில் இருக்கும் வெட்டுடையாள் காளி அவள்தான் என்பது சீமை மக்களின் நம்பிக்கை. திரும்பி வந்த ராணி தன் வைரத் தாலியை அங்கே காணிக்கையாக வைத்தார் என்றும் சொல்வார்கள். போலீஸ், கோர்ட் எதிலும் நியாயம் கிடைக்காதவர்கள் இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போடுகிறார்கள். அநியாயம் செய்தவனை இனி நீ பார்த்துக்கொள் என்று காளியிடம் வழக்கை ஒப்படைப்பது அது. உடையாளுக்கு ஆவணம் தேடுவது வீண் வேலை. ஆனால் கொடுமைக்கு வாய் திறக்காதவள் என்று கேள்விப்பட்ட ஒருத்தியிடம் இருநூற்றைம்பது வருடமாக ஜனங்கள் வழக்கு கொண்டுபோகிறார்கள் என்பதும் ஒரு வகைச் சான்றுதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் விருப்பாச்சி. பழனி மலைத்தொடரின் அடிவாரம், திண்டுக்கல் பகுதி. இந்தத் தேர்வில்தான் பிள்ளையின் மூளை தெரிகிறது. விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் நவாபுக்கு அடங்காதவர் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், திண்டுக்கல் சீமை அன்றைக்கு மைசூர் ஹைதர் அலியின் கையில் இருந்தது. நவாப் படை அங்கே நுழைந்தால் ஹைதரோடு போர் என்று அர்த்தம். அடைக்கலத்துக்கு அடைக்கலம், உதவி கேட்க வேண்டிய ஆளும் பக்கத்திலேயே.

காளையார்கோவில் விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1772 டிசம்பர் 8 தேதியிட்டு தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ராணியின் சார்பில் கேட்டது என்ன தெரியுமா? ஐயாயிரம் குதிரைப்படை, ஐயாயிரம் காலாட்படை. எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்ததே அந்தக் கணக்குதான். கணவரை இழந்த பெண்ணுக்கு இரக்கம் காட்டுங்கள் என்ற கெஞ்சல் அதில் இல்லை. நாட்டை மீட்க எவ்வளவு படை வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, எண்ணிக்கை போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ராணி திண்டுக்கல்லில் ஹைதரை நேரில் பார்த்து உருதுவில் பேசி அசத்தினார் என்ற காட்சி மேடை நாடகங்களில் கைதட்டு வாங்கும். எனக்கு இந்தக் காகிதமே போதும்.

சரி, ஹைதர் ஏன் உடனே படை அனுப்பவில்லை? அவருக்கு மனம் இல்லாமல் இல்லை, கை ஓயவில்லை. 1769-ல் சென்னை வாசல் வரை வந்து கும்பெனியோடு உடன்படிக்கை போட்டிருந்தார். யார் மேல் எதிரி பாய்ந்தாலும் மற்றவர் உதவ வேண்டும் என்பது பேச்சு. அடுத்த வருடமே மராட்டியர்கள் மைசூர் மேல் பாய்ந்தபோது கும்பெனி எட்டிப் பார்க்கவில்லை. மராட்டியரிடம் இழந்த இடங்களை மீட்பதிலேயே அவருடைய 1770-கள் கழிந்தன. கும்பெனி மேல் இருந்த கோபத்தை அவர் மறக்கவும் இல்லை. 1779-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களின் மாகேயைப் பிடித்தார்கள். ஹைதருக்கு ஆயுதம் வந்திறங்கும் துறைமுகம் அது. அதன் பிறகு போர் நிச்சயம் என்று ஆனது.

அதுவரை ராணி என்ன செய்தார்? பிள்ளை சீக்கிரமே காலமானார். அனுபவசாலி என்று பக்கத்தில் இருந்த ஒரே ஆளும் போன பிறகு, ராணியின் பெயரும் மருது சகோதரர்களின் காலும்தான் மிச்சம். சீமைக்குள் ரகசியமாகப் போவதும் வருவதும், ஊர்த்தலைவர்களான அம்பலக்காரர்களோடு தொடர்பு வைத்திருப்பதும், காட்டுக்குள் ஆள் சேர்ப்பதும் மருதுகளின் வேலை. நவாபின் வசூல்காரர்களும் ஒரு வகையில் உதவினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் கறந்த கறப்பில், பழைய அரசு வராதா என்று குடியானவர்கள் ஏங்கும்படி ஆயிற்று. வெளியே ஒரு வாரிசு உயிரோடு இருக்கிறார் என்ற சேதி மட்டும் அணையாமல் இருந்தால் போதும். அந்தச் சேதியே ராணிதான். பிள்ளை காலமான துக்கத்திலோ, ஹைதர் தாமதித்த ஆத்திரத்திலோ கையில் இருந்த கொஞ்சம் பேரோடு சிவகங்கைக்குள் பாய்ந்திருந்தால், கதை அன்றே முடிந்திருக்கும். அவர் பாயவில்லை.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு ஆற்காட்டு நவாபின் நாடான கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நசுங்கிப் போனது. இந்தியாவில் ஆங்கிலேயர்கள் அதுவரை அப்படி ஒரு அடி வாங்கியதில்லை. நவம்பரில் ஆற்காடே விழுந்தது. நவாபும் கும்பெனியும் சென்னையைக் காப்பாற்றினால் போதும் என்று தவித்த நேரத்தில், சிவகங்கையில் இருந்த காவல் படைக்கு உதவி அனுப்ப யாருக்கு நேரம்? ராணியும் மருதுகளும் மைசூர் உதவிப் படையோடு கிழக்கே நகர்ந்து சீமையை மீட்டது அந்த வருடம்தான். மதுரைக்கு மேற்கே கோச்சடை, பிறகு திருப்புவனம், மானாமதுரை, காளையார்கோவில் என்று ஒவ்வொரு இடமாகச் சண்டை நடந்ததாகச் சீமையில் வரிசை சொல்வார்கள்.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், வென்றார். கும்பெனியின் முழு பலத்தையும் ஒரே களத்தில் சந்தித்து வென்றாரா என்றால் இல்லை. அது வேறு பக்கம் மாட்டிக்கொண்ட நேரத்தைப் பார்த்து அடித்தார். அதைக் குறைவாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அரசியல் தெரிந்தவர் அப்படித்தான் செய்வார். கும்பெனிப் படை பிடுங்கிய நாட்டைத் திரும்பப் பிடித்து, அதில் உட்கார்ந்து ஆட்சியும் செய்த அரசி என்று தேடினால் இந்தியாவில் வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. கித்தூர் சென்னம்மா 1824-ல் முதல் சண்டையில் ஜெயித்தார், பிறகு சிறையில் இறந்தார். ஜான்சி 1858-ல் விழுந்தது. ‘முதல் ராணி’ என்ற பட்டத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட வேண்டும். ஐரோப்பியர் எல்லாரையும் கணக்கில் எடுத்தால், உள்ளாலில் போர்ச்சுகீசியரோடு மோதிய அப்பக்கா இவருக்கு இருநூறு வருடம் முன்னால் இருக்கிறார். ஆங்கிலேயருக்கு எதிராக என்று சொன்னால் சரி.

குயிலிக்கு வருவோம். கதை தெரியாதவர்களுக்காக: சிவகங்கை அரண்மனைக்குள் ராஜராஜேஸ்வரி கோயில் இருக்கிறது. விஜயதசமி அன்று பெண்களை மட்டும் உள்ளே விடுவார்கள். உடையாள் பெயரில் இருந்த பெண்கள் படையின் தலைவி குயிலி, பூக்கூடைக்குள் ஆயுதத்தை மறைத்துத் தன் தோழிகளோடு உள்ளே போகிறாள். உடம்பெல்லாம் நெய்யை ஊற்றிக்கொண்டு, தீ வைத்து, எதிரியின் வெடிமருந்துக் கிடங்குக்குள் குதிக்கிறாள். கிடங்கு வெடிக்கிறது, கோட்டை விழுகிறது.

இதற்கு அக்காலக் கடிதமோ கும்பெனிக் குறிப்போ சான்று இல்லை, வாய்மொழிதான். வாய்மொழி என்றால் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கும்பெனி அதிகாரி குறிப்பு எழுதும்போது தளபதி பெயரை எழுதுவான், கப்பத் தொகையை எழுதுவான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு பெண்ணின் பெயரை எழுத வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. நம் அரண்மனைக் கணக்கர்களும் இந்த விஷயத்தில் அவனைவிட மேல் இல்லை. சிவகங்கை வெற்றியில் தங்கள் பங்கு என்ன என்பதை அந்த மக்கள் குயிலி வழியாகத்தான் சொல்லி வருகிறார்கள். அதனால் கதையை மதிப்போடு கதையாகச் சொல்லலாம், தேதியும் நேரமும் ஒட்டி ஆவணமாக்க வேண்டியதில்லை. ‘உலகின் முதல் தற்கொலைப் படை’ என்று விருது கொடுப்பது மாதிரி எழுதுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. சிவகங்கையில் வேலுநாச்சியார் மணிமண்டப வளாகத்தில் அரசே குயிலிக்கும் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறது.

இனி யாரும் அதிகம் பேசாத பகுதி. 1780-க்குப் பிறகு வேலுநாச்சியார் சிவகங்கையின் அரசி. பெரிய மருது தளவாய், அதாவது படைத்தலைவர். சின்ன மருது பிரதானி. ஆட்சி நிம்மதியாகப் போகவில்லை. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்துபோனார். 1783-லேயே கர்னல் புல்லர்ட்டன் படையோடு வந்து பாக்கி கப்பத்தையும் நஷ்டஈட்டையும் கேட்டார். அரண்மனையை விட்டு எல்லாரும் காளையார்கோவில் காட்டுக்குள் போய், பிறகு பேசிப் பணம் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. சிவகங்கை சுதந்திர நாடாக ஜொலித்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கப்பத்தை மறந்துவிடுகிறார்கள். நாடு கைக்கு வந்தது, கப்பம் கட்டும் கட்டாயம் போகவில்லை. கூடவே நிர்வாகம், படை, வசூல் எல்லாம் மெல்ல மெல்ல மருதுகளின் கைக்குப் போனது. குளம் வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், காளையார்கோவிலின் உயர்ந்த ராஜகோபுரம் அவர்கள் எழுப்பியது. ஜனங்களிடம் நல்ல பெயர். முத்திரை ராணியுடையது, அதிகாரம் மருதுகளுடையது என்று ஆகிவிட்டால் உரசல் வராமல் இருக்குமா?

வந்தது. 1789-ல் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் கும்பெனிப் படை மறுபடி சிவகங்கைக்குள் நுழைந்தது. இந்த முறை ராணிக்கு ஆதரவாக, மருதுகளுக்கு எதிராக. ஆம், சரியாகத்தான் படித்தீர்கள். தன் கணவரைக் கொன்ற நவாபும் கும்பெனியும் தனக்குத் துணையாக வர, தன்னை எட்டு வருடம் காப்பாற்றியவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கொல்லங்குடியும் காளையார்கோவிலும் விழுந்தன. ஆனால் படை திரும்பிப் போனதும் மருதுகள் திரும்பி வந்தார்கள், சீமை அவர்கள் சொல்லைத்தான் கேட்டது. கடைசியில் ஒரு சமரசம். வெள்ளச்சியைக் கல்யாணம் செய்திருந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் 1790-ல் அரசரானார், மருதுகள் பழைய இடத்திலேயே இருந்தார்கள், வேலுநாச்சியார் ஆட்சியிலிருந்து விலகினார்.

மேடையில் இதைச் சொன்னால் யார் பக்கம் நியாயம் என்று சண்டை வரும், அதனால் விட்டுவிடுகிறார்கள். ஒருவரைத் துரோகி ஆக்கித்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. ராணிக்கு அது தன் பிறப்புரிமை, அறுபது வயதை நெருங்கும்போது கண் எதிரே நழுவுகிறது. மருதுகளுக்கு அது தாங்கள் ரத்தம் சிந்தி மீட்ட மண். நவாபின் உதவியைக் கேட்டது ராணி செய்த தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அன்றைய தென்னாட்டில் உள்வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடாத அரசர் யார் என்றும் கேட்கத் தோன்றுகிறது. சிவகங்கைச் சீமை பிறந்ததே தஞ்சை மன்னரின் படையைத் துணைக்கு அழைத்து வந்த ஒரு வாரிசுச் சண்டையில்தான்.

வெள்ளச்சியும் தாய்க்கு முன்பே போய்விட்டதாகச் சொல்வார்கள். வேலுநாச்சியார் 1796 டிசம்பர் 25 அன்று காலமானார். இந்திய அரசு 2008-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது, தமிழக அரசு 2014-ல் மணிமண்டபம் திறந்தது.

அவருக்குப் பின் ஐந்தே வருடம். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வெள்ளையருக்கு எதிராகப் பிரகடனம் ஒட்டினார். அடைக்கலம் கொடுத்த விருப்பாச்சி கோபால நாயக்கரும் வெள்ளையருக்கு எதிரான அந்தக் கூட்டணியில் இருந்தார், அந்த வருடமே தூக்கில் போடப்பட்டார். அக்டோபர் 24 அன்று சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். வேங்கன் பெரிய உடையாத் தேவரைச் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி முதலியவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். மருதுகள் பிடிபடுவதற்கு முன்பே, செப்டம்பரில், அரச வம்சத்தைச் சேர்ந்த படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சோழபுரத்தில் வைத்து அரசர் என்று கும்பெனி அறிவித்துவிட்டது. ஜனங்களை மருதுகளிடமிருந்து பிரிக்க அது நல்ல தந்திரம், பலிக்கவும் செய்தது. 1803-ல் அந்த அரசு வெறும் ஜமீன் ஆயிற்று.

1829-ல் கௌரி வல்லபர் இறந்ததும் ஜமீன் யாருக்கு என்று வழக்கு கிளம்பியது. அதை அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய் 1863-ல் வென்றவர் அவர் மகள் காத்தம நாச்சியார். இந்துக் குடும்பச் சொத்துச் சட்டம் படிக்கும் மாணவர்கள் சிவகங்கை வழக்கு என்று இன்றைக்கும் படிப்பது அதைத்தான். அது தனிக் கதை, யாராவது கேட்டால் எழுதுகிறேன்.